நின்றுபோன இன்ஜினும் உங்கள் கடைசி வரியும்

அன்புள்ள ஐயா,

நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன். பறக்கும்போது ஒரு இன்ஜின் நின்றுவிட்டால் அதன் ப்ரொப்பெல்லரை விமானிகள் 'ஃபெதர்' செய்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதற்கு அந்த வேலை? அதன் போக்கில் சுற்றவிட்டால் காற்று ஊடே போய்விடாதா? இதை முழுக்கத் தானியங்கியாக்கினால் என்ன? விமானத்தில் எந்த இருக்கை பாதுகாப்பானது? 2023இல் நேபாளத்தின் பொக்காராவில் விழுந்த விமானத்தில் இரண்டு ப்ரொப்பெல்லர்களையும் தவறுதலாக ஃபெதர் செய்துவிட்டார்களாம். ஓட்டியது ஒரு பெண் விமானி. பதற்றத்தில் லீவரை மாற்றிப் போட்டிருப்பார். இவர்களிடமெல்லாம் விமானத்தைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் முதல் கேள்வி நல்ல கேள்வி. சும்மா சுற்றுவதால் என்ன தடை வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இன்ஜின் நின்ற பிறகும் அதைச் சுற்றவைப்பது யார்? எதிர்க்காற்று. அந்தச் சக்தி விமானத்தின் வேகத்திலிருந்தும் உயரத்திலிருந்தும்தான் போகிறது. பிஸ்டன் இன்ஜின் என்றால், செத்த சிலிண்டர்களுக்குள் காற்றை அழுத்திக்கொண்டே அது சுற்றியாக வேண்டும். அத்தனை செலவும் விமானத்தின் கணக்கில். தட்டையாகக் காற்றுக்கு முகம் காட்டிச் சுற்றும் பிளேடுகள் ஒரு முழு வட்டத் தட்டைப் பிடித்து நிறுத்தியதுபோல விமானத்தை இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். மறுபக்கத்து இன்ஜின் முழு வேகத்தில் தள்ளித் தள்ளி அந்தத் திருப்பத்தை இன்னும் கூட்டும். ரட்டரை (வாலில் இருக்கும் திசைதிருப்பும் பலகை) மிதித்துச் சமாளிக்கலாம், ஆனால் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் ரட்டருக்கும் பலம் போதாது, விமானம் புரண்டுவிடும்.

பிளேடின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிடுவதுதான் ஃபெதரிங். சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடும், இழுப்பு பெருமளவு குறையும். சிறிய இரட்டை இன்ஜின் விமானங்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தம்தான் பிளேடை வேலைக் கோணத்தில் பிடித்துவைத்திருக்கும். அழுத்தம் போனால் ஸ்பிரிங்கும் எதிர் எடைகளும் சேர்ந்து பிளேடைத் தாமாகவே ஃபெதர் நிலைக்குத் தள்ளும். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்த வடிவமைப்பு அது.

ஃபெதர் ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1956 அக்டோபர் 16ஐப் பாருங்கள். ஹொனலுலுவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் நான்கு இன்ஜின் ஸ்ட்ராட்டோக்ரூஸர். நடுக்கடல், இரவு. முதல் இன்ஜினின் ப்ரொப்பெல்லர் கட்டுமீறிச் சுற்றத் தொடங்கியது. ஃபெதர் செய்யப் பார்த்தார்கள், ஆகவில்லை. எண்ணெயை நிறுத்தி இன்ஜினையே இறுக வைத்தார்கள். இன்ஜின் இறுகியது, ப்ரொப்பெல்லர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் நான்காவது இன்ஜினும் கைவிட்டது, அதை ஃபெதர் செய்ய முடிந்தது. ஆனால் முதல் ப்ரொப்பெல்லரின் இழுப்பை வைத்துக்கொண்டு, இருந்த எரிபொருளில் எந்தக் கரையையும் எட்ட முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் பாண்ட்சார்ட்ரெய்ன் கப்பலைச் சுற்றி விடியும்வரை வட்டமடித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் அதன் அருகில் கடலில் இறக்கினார்கள். 31 பேரும் பிழைத்தார்கள்.

தானியங்கி பற்றிக் கேட்டீர்கள். அது ஏற்கெனவே இருக்கிறது. 2015 பிப்ரவரி 4, தாய்பே. டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 என்ற இரட்டை ப்ரொப்பெல்லர் விமானம் மேலேறும்போது, தானியங்கி ஃபெதர் அமைப்பின் மின் இணைப்பில் இருந்த கோளாறால், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது இன்ஜினின் ப்ரொப்பெல்லர் ஃபெதர் ஆனது. விமானி நன்றாக இருந்த முதல் இன்ஜினை நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தார்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இருக்கை பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் கடைசி வரி. நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அந்த விபத்தைப் பற்றி வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்களோ அதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

2023 ஜனவரி 15. காட்மாண்டுவிலிருந்து வந்த யெட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72. பொக்காராவின் புதிய விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இடது இருக்கையில் இருந்து ஓட்டியவர் அந்தப் பெண் விமானி. அந்த நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார். வலது இருக்கையில் இருந்தவர் அவருக்குப் பயிற்சி கொடுத்த மூத்த கேப்டன். இறங்கும் நேரத்தில் ஓட்டிய பெண் விமானி "ஃபிளாப் 30" என்று கேட்டார், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை 30 நிலைக்கு இறக்கச் சொன்னார். அதைப் போட வேண்டியவர் வலது பக்கம் இருந்தவர். அவர் கை போனது பக்கத்தில் இருந்த கண்டிஷன் லீவர்களுக்கு, ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்யும் லீவர்கள் அவை. ஃபிளாப் அசையவில்லை, இரண்டு ப்ரொப்பெல்லர்களும் ஃபெதர் ஆகிவிட்டன.

புரிகிறதா தம்பி? லீவரை மாற்றிப் போட்டவர் அந்தப் பெண் விமானி இல்லை. இன்ஜினிலிருந்து சக்தி வரவில்லை என்று ஒரு முறைக்கு மேல் சொன்னவர் அவர். சரியாகத்தான் சொன்னார். பவர் லீவரை முழுவதும் முன்னே தள்ளியும் பயன் இல்லை, ஏனென்றால் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன, காற்றைத் தள்ளும் கோணத்தில்தான் பிளேடுகள் இல்லை. கடைசியில் கட்டுப்பாட்டைப் பயிற்சியாளரிடமே ஒப்படைத்தார். 72 பேர் இறந்தார்கள். அவர் கணவரும் அதே நிறுவனத்தில் விமானியாக இருந்து 2006இல் ஜும்லாவில் விபத்தில் இறந்தவர். அதற்குப் பிறகுதான் இவர் விமானம் ஓட்டப் படித்தார். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் நீங்கள் "இவர்களிடமெல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டியவர் யார் என்று தேடிப் பார்த்த உங்களுக்கு லீவரைத் தொட்டவர் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

சரி, அந்தக் கேப்டனைத் திட்டலாமா என்றால் அதையும் நான் ஏற்க மாட்டேன். புதிய ஓடுபாதை, சுற்றிலும் மலை, பயிற்சியும் கொடுக்க வேண்டும், ஃபிளாப் லீவரும் கண்டிஷன் லீவர்களும் ஒரே பீடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. விசாரணை அறிக்கை வேலைச் சுமையையும், பயிற்சிக் குறையையும், நடைமுறைகளைப் பின்பற்றாததையும் சேர்த்தே சொல்கிறது. கை தவறுவது யாருக்கும் நடக்கும். தவறிய பின் இரண்டு பேருமே அதைக் கவனிக்காமல் போனதைத்தான் ஆராய வேண்டும். ப்ரொப்பெல்லர் சுழற்சி 25 சதவீதத்துக்கும் கீழே விழுந்ததும் டார்க் (இன்ஜின் தரும் முறுக்கு விசை) பூஜ்யத்தை நோக்கி இறங்கியதும் கண்முன்னே மீட்டரில் இருந்தன. லீவரைத் திரும்ப முன்னே தள்ளியிருந்தால் பிளேடுகள் மறுபடி வேலைக் கோணத்துக்கு வந்திருக்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் கண் மீட்டருக்குப் போக என்ன பயிற்சி தேவை, ஃபெதர் நிலைக்கு லீவர் போவதை இன்னும் எப்படிக் கடினமாக்கலாம்? மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளை கேட்க வேண்டியவை இவை. உங்கள் முதல் கேள்வியைக் கேட்ட மூளைக்கு இவற்றைக் கேட்கவும் தெரியும்.

நேபாள விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை வெளியாகியிருக்கிறது. காக்பிட் பேச்சும் கருவிப் பதிவும் நொடிவாரியாக வரும் பகுதியை முதலில் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.