ஃப்ளைட்ராப்பை ஹீட்டர் பக்கத்திலிருந்து எடுங்கள்

கேள்வி: டொரொண்டோவில் இருக்கிறோம். மே மாதம் ஒரு வீனஸ் ஃப்ளைட்ராப், ஒரு சரசீனியா, தொங்கும் தொட்டியில் ஒரு நெப்பந்தஸ் என்று மூன்று பூச்சி தின்னும் செடிகள் வாங்கினேன். கோடை முழுக்க டெக்கில் செழிப்பாக இருந்தன. அக்டோபர் கடைசியில் ஃப்ளைட்ராப்பின் வாய்கள் ஒவ்வொன்றாகக் கறுக்கத் தொடங்கின. குளிர் தாங்கவில்லை போல என்று மூன்றையும் உள்ளே கொண்டுவந்து ஹீட்டருக்கு மேலே உள்ள ஜன்னலில் வைத்தேன். இப்போது நவம்பர் முடியப்போகிறது, இன்னும் கறுத்துக்கொண்டேதான் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் முதல் வேலையாக அந்த ஜன்னலிலிருந்து ஃப்ளைட்ராப்பையும் சரசீனியாவையும் எடுங்கள். நீங்கள் பாவம் பார்த்துக் கொடுத்த சூடுதான் இப்போது அவற்றைக் கொல்கிறது. நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன், பிப்ரவரியில் தொட்டியைக் குப்பையில் கொட்டினேன்.

ஃப்ளைட்ராப்பை வெப்பநாட்டுச் செடி என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உலகத்திலேயே அது இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா கடலோரச் சதுப்புகளில் மட்டும்தான், வில்மிங்டன் ஊரைச் சுற்றி. அங்கே குளிர்காலத்தில் இரவில் அவ்வப்போது உறைபனி விழும், பகலில் விட்டுவிடும். அதனால் பகல் குறையத் தொடங்கியதும் பழைய வாய்களைக் கைவிட்டுவிட்டு, நடுவில் தரையோடு ஒட்டிச் சின்னச் சின்ன இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நான்கு மாதம் தூங்கும். கறுப்பது அதற்குத்தான். தூங்கவிடாமல் 21 டிகிரியில் வைத்தால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம், அடுத்த வருடம் இளைத்து இளைத்துப் போய்ச் சேரும்.

செத்துவிட்டதா தூங்குகிறதா என்று சந்தேகமாக இருந்தால், கறுத்த இலைகளைக் கத்தரித்துவிட்டு மேல் மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். சின்ன வெங்காயத் தாள் அடியைப் போல வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக ஒரு கிழங்கு இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று நாறினால் கதை முடிந்தது.

சரி, குளிர்தானே வேண்டும், வெளியே டெக்கிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் தொட்டி இடிக்கிறது. நிலத்தில் இருக்கும் செடிக்கு மேலேயிருந்து மட்டும்தான் குளிர் இறங்கும், அதையும் பனி போர்வை மாதிரி மூடிக் காக்கும். தொட்டியோ நாலு பக்கமும் உறைந்து ஒரே கட்டியாகிவிடும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, ஜனவரிக் காற்று மட்டும் இலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாதிச் செடிகள் இப்படிக் காய்ந்துதான் சாகின்றன. ஃப்ளைட்ராப்புக்கு நீங்கள் தேட வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும் ஓர் இடம். ஓரிரு இரவு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனால் பரவாயில்லை.

ஒன்டாரியோவில் பல வீடுகளில் முன்வாசல் படிக்கட்டுக்கு அடியில் பேஸ்மென்ட்டோடு சேர்ந்து ஒரு கோல்ட் ரூம் இருக்கும், வெங்காயமும் அரிசி மூட்டையும் போட்டு வைக்கிற அறை. இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இவ்வளவு குளிரில் செடி ஏறக்குறைய வேலை நிறுத்தத்தில் இருப்பதால் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது. சூடாக்காத கராஜும் சரிதான், ஆனால் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், வெளியே மைனஸ் 20 வரும் இரவுகளில் உள்ளேயும் உறையும். அன்றைக்கு மட்டும் வீட்டுப் பக்கச் சுவரோரம் நகர்த்தி ஒரு பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் ஃப்ரிட்ஜ். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவி, பிழிந்தெடுத்த ஈர ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, ஜிப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள். பையில் பெயர் எழுத மறக்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒரு தடவை கொத்தமல்லி என்று நினைத்து சிங்க் வரை போய்விட்டது! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் பூஞ்சை தெரிந்தால் அந்த இலையை வெட்டி எறிந்துவிட்டு, கந்தகம் கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தெளியுங்கள்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள், இத்தனை நாள் சூட்டில் இருந்த செடி. பத்து பன்னிரண்டு டிகிரி இருக்கும் பேஸ்மென்ட் ஜன்னலில் இரண்டு வாரம், அப்புறம் கோல்ட் ரூம்.

சரசீனியா எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. குட்டையாக, பானை வயிற்றோடு, மூடியில்லாமல் மழையை ஏந்தும் வகையாக இருந்தால் அது பெரும்பாலும் பர்ப்பியூரியா. இந்த நாட்டுச் செடியே அதுதான், நியூஃபவுண்ட்லாந்தின் மாகாணப் பூ, ஒட்டாவா பக்கத்து மேர் ப்ளூ சதுப்பிலும் இருக்கிறது. நிலத்தில் புதைத்தால் டொரொண்டோக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த வருடம் பழக்கம் விட்டுப்போனதால் இதுவும் கோல்ட் ரூமுக்கே போகட்டும், அடுத்த இலையுதிர்காலத்தில் தொட்டியோடு மண்ணில் புதைத்து மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பைன் ஊசியிலை போட்டு மூடுங்கள். ஒல்லியாக உயரமாக, தலையில் மூடியோடு நிற்கும் வகை என்றால் அது அமெரிக்காவின் தெற்கத்தி ஆள், ஃப்ளைட்ராப்புக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

நெப்பந்தஸ் வேறு கணக்கு. பள்ளி உயிரியல் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்களே, அதே குடுவைச் செடி, மேகாலயாவிலும் இலங்கையிலும்கூடக் காட்டில் வளர்கிறது. அதற்குத் தூக்கம் கிடையாது. வீட்டுக்குள்ளேயே 15 டிகிரிக்குக் குறையாமல், ஆனால் ஹீட்டர் காற்று நேரே படாத இடத்தில் தொங்கவிட்டு ஒரு எல்இடி விளக்கு போடுங்கள். புதுக் குடுவை வராவிட்டால் பெரும்பாலும் காற்று வறண்டிருக்கிறது அல்லது வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குழாய்த் தண்ணீர் மூன்றுக்குமே விஷம், காய்ச்சி ஆறவைத்தாலும் அதிலுள்ள உப்பு போகாது. மழைத்தண்ணீர் அல்லது டிஸ்டில்ட் வாட்டர்தான். குளிர்காலத்தில் இலவசமாகவே வாசலில் கிடக்கிறது: வாளியில் பனியை அள்ளி உருகவிடுங்கள், ரோட்டு உப்பு படும் டிரைவ்வே ஓரத்தில் மட்டும் அள்ளாதீர்கள். தூங்கும் செடிக்குக் கோடையில் வைத்த மாதிரி தட்டில் தண்ணீர் நிற்கத் தேவையில்லை, மண் ஈரமாக இருந்தால் போதும். பூச்சி, இறைச்சித் துண்டு, உரம் எதுவும் கொடுக்காதீர்கள்.

தூங்கிய இரண்டு செடிகளையும் மார்ச் நடுவில் குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்து, உரம் கலக்காத பீட் பாசியும் பெர்லைட்டும் சமபாகம் கலந்து மாற்றி நட்டு, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறை முடிந்தபின் பழையபடி டெக்குக்குப் போகலாம், முதல் வாரம் நிழலில். ஃப்ளைட்ராப்பிலிருந்து நடுவில் ஒரு தண்டு நெட்டுக்குத்தாகக் கிளம்பினால் அது பூ. அழகாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் செடி இருக்கிற நிலைமைக்கு இரண்டு அங்குலம் வளர்ந்ததுமே கத்தரித்துவிடுங்கள்.