தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும்

பாளையங்கோட்டையில் 31 வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கல்லூரி வகுப்பில் விளையாட்டும் போட்டியும் வைத்தால் பிள்ளைகள் படிப்பார்களா என்பதைச் சுற்றியே இருந்தன. மற்ற கடிதக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்த இதழில்.

பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு எடுக்கிறேன். ஜூலையில் கஹூட் என்ற ஃபோன் செயலியை வைத்து வினாடி வினா ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் வகுப்பே அமர்க்களம். இப்போது ஐந்து பேர் மட்டும் ஆடுகிறார்கள். மற்றவர்கள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். எங்கே தப்பு செய்தேன் மேடம்?
— உதவிப் பேராசிரியை, திண்டுக்கல்

ஐந்து பேர் என்று எண்ணி எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கஹூட் திரையில் காட்டுவது முதல் ஐந்து பேரைத்தான். ஆறாவது ஆளுக்கும் அறுபதாவது ஆளுக்கும் அந்தத் திரையில் இடமில்லை. இரண்டு வாரம் எட்டிப் பார்த்தார்கள், பெயர் வரவில்லை, ஃபோனைக் கவிழ்த்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்று. நார்வேயில் ஒரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 2013-இல் வெளிவந்த இந்தச் செயலியில், சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, சீக்கிரம் சொல்ல வேண்டும். நேரம் போகப் போகப் புள்ளி குறையும். தலைநகரங்களின் பெயர் கேட்டால் சரி. தேய்மானத்தைப் பற்றுப் பக்கம் எழுதுவதா வரவுப் பக்கமா என்று 20 விநாடி யோசிக்கிற பெண்ணைவிட, 2 விநாடியில் குருட்டாம்போக்கில் தட்டின பையன் அதிகப் புள்ளி வாங்கினால், நீங்கள் சொல்லிக்கொடுப்பது கணக்குப்பதிவியல் இல்லை, கை வேகம்.

எனக்கும் இந்தச் சூடு உண்டு. 2011-இல் வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை மாட்டினேன். ஒரு அசைன்மென்ட் முடித்தால் ஒரு ஜிகினா நட்சத்திரம். தீபாவளிக்குள் மூன்று பேர் பெயருக்கு எதிரே வானமே இறங்கியிருந்தது. மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று ஒரு சனிக்கிழமை நோட்டுத் திருத்தும்போதுதான் தெரிந்தது. ஒரு கணக்குக்கு விடையாக மாறுபாடு −3.2 என்று எழுதியிருந்தது. மாறுபாடு (variance) என்பது ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கங்களுக்குச் சராசரி, அது பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. அடுத்த நோட்டிலும் −3.2. மொத்தம் 14 நோட்டு! ஒருவன் தப்பாகப் போட, 13 பேர் நட்சத்திரத்துக்காக அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதைவிட என்னை வருத்தியது வேறு. தினமும் வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நிறுத்திச் சந்தேகம் கேட்கும் ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். சந்தேகத்துக்கு நட்சத்திரம் கிடையாதே. திங்கட்கிழமை அட்டையைக் கழற்றினேன்.

இது என் வகுப்பின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2015-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரே பாடத்தை இரண்டு வகுப்புகளுக்கு 16 வாரம் நடத்தி, ஒன்றில் மட்டும் பேட்ஜ்களும் தரவரிசைப் பலகையும் வைத்தார்கள். பலகை இருந்த வகுப்பில் நாளாக நாளாக ஆர்வம் குறைந்தது, அந்த ஆர்வக் குறைவோடு சேர்ந்து கடைசித் தேர்வு மதிப்பெண்ணும் இறங்கியது.

செயலியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தனி ஆளாக ஆடவிடாமல் நாலு நாலு பேராகப் பிரித்து விடுங்கள். வேகத்துக்குப் புள்ளி வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஸூர் 1991-லிருந்து செய்துவரும் ஒரு முறை இருக்கிறது. கேள்வியைப் போட்டுத் தனியாக ஒரு தடவை விடை சொல்ல வைப்பார், சரியான விடையைச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் சண்டை போடச் சொல்லி, அதே கேள்விக்கு மறுபடி விடை வாங்குவார். முதல் தடவை 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விதான் இதற்குத் தோது. எல்லோருக்கும் தெரிந்ததில் சண்டை வராது, யாருக்கும் தெரியாததில் சண்டை போட ஆள் இருக்காது.

எங்கள் காலத்தில் பயந்து படித்தோம், உருப்பட்டோம். இப்போது கல்லூரிப் பிள்ளைக்கும் பொம்மை கொடுத்தால்தான் படிப்பேன் என்பானா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

ஐயா, உங்கள் காலத்திலும் விளையாட்டு இருந்தது. ரேங்க் கார்டு என்று பெயர். விடைத்தாளை மார்க் வரிசைப்படி அடுக்கி மேலிருந்து வாசித்தீர்களே, கடைசிப் பெஞ்சில் என்னோடு படித்தவர்களுக்கு அது எத்தனை நிமிஷம் நீண்டது என்று நான் பார்த்திருக்கிறேன். பயந்து உருப்பட்டவர்கள் இன்று கடிதம் எழுதுகிறார்கள், பயந்து எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் எழுதுவதில்லை. எங்கள் பாடத்தில் இதைத் தப்பியவர் சார்பு (survivorship bias) என்போம்.

பொம்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் ஃபோல்டிட் என்றொரு கணினி விளையாட்டை வெளியிட்டார்கள். புரத மூலக்கூறைத் திரையில் மடக்கி மடக்கிப் பார்ப்பதுதான் ஆட்டம். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதிக்கு என்ன வடிவம் என்று விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கு மேல் திணறியதை, 2011-இல் அந்த ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அவிழ்த்தார்கள். அதில் பெரும்பாலோர் உயிரியல் படித்தவர்களே இல்லை.

பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். நிகழ்தகவு என்றாலே தூக்கம் வருகிறது. சூத்திரம் தெரிகிறது, எதற்கு என்று தெரியவில்லை. விளையாட்டாகப் படிக்க வழி உண்டா டீச்சர்?
— மாணவர், தஞ்சாவூர்

வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா தம்பி? இல்லாவிட்டால் கோயில் கடைத்தெருவில் வாங்கு. கூடவே ஆளுக்கு 16 புளியங்கொட்டை.

கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஆக விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12. காகிதத்தில் ஏழு கட்டம் போட்டு இந்த எண்களை எழுது. 16 கொட்டையையும் உன் இஷ்டப்படி கட்டங்களில் வை. எதிரே உட்கார்ந்திருப்பவனும் தன் காகிதத்தில் வைக்கட்டும். கட்டையை உருட்டு. 3 விழுந்தால் இருவரும் 3-ஆம் கட்டத்திலிருந்து ஒரு கொட்டை எடுக்க வேண்டும். எல்லாக் கட்டத்தையும் முதலில் காலி செய்தவன் ஜெயித்தான்.

என் வகுப்பில் முதல் ஆட்டத்தில் எல்லோரும் 12-இல் கொட்டையைக் குவிப்பார்கள். ஆட்டத்தில் 12 என்றால் கொண்டாட்டம், அதனால் அடிக்கடி விழும் என்று மனசு நம்பிவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மற்ற கட்டமெல்லாம் காலி, 12-இல் மட்டும் நாலு கொட்டை அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது ஆட்டத்தில் கொட்டைகள் நடுவுக்கு நகரும். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிப்பாள். நாலு முகம் பெருக்கல் நாலு முகம், 16 வழி. 3 விழ 4 வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயத்துக்கும், அதாவது 1-க்கும், 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. நான் கரும்பலகையில் இதை எழுதினால் கொட்டாவி விடுவார்கள். அவள் எழுதும்போது பின்னால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

அதற்கப்புறம் நிஜ ஆட்டத்துக்கு வா. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். வாய்ப்பு 8-இல் 1. சராசரியாக 8 தடவை உருட்ட வேண்டும். ஏழு தடவை விழவில்லை என்றால் "இப்ப கண்டிப்பா விழும் பாரு" என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது தம்பி. 8 தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக 34 சதவீதம் வாய்ப்பு. 60 பேர் வகுப்பில் எட்டு எட்டுத் தடவை உருட்டினால் இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கள் பக்கம் 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. அப்படியானால் ஒருவர் கைக்குக் கட்டை வந்தால் சராசரியாக எத்தனை தடவை உருட்டுவார்? போட்டுப் பார். 1.6 வந்தால் சரி.

அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி தன் ஆச்சியின் பித்தளைக் கட்டையைக் கொண்டுவந்தாள். முனை மழுங்கி, ஒரு பக்கம் புள்ளியே தடவித்தான் தெரியும். 160 தடவை உருட்டிக் கோடு கிழித்தோம். தாயம் 20 விழ வேண்டும், 33 விழுந்திருந்தது. கை-வர்க்கச் (chi-square) சோதனை அதற்கு அடுத்த மாதப் பாடம், ஆனால் இது தற்செயலா கட்டைக் கோளாறா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே நடத்தச் சொன்னார்கள். விடை 9.66. அட்டவணையில் எல்லை 3.84. கட்டை கோணல்தான். ஆச்சி ஏன் அத்தனை வருஷம் ஜெயித்தாள் என்று வகுப்புக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் வெளியே போய் ஃபோன் போட்டுச் சொன்னாள். ஆச்சி கேட்டாளாம், "கட்டை தேஞ்சா என்ன, என் கை தேயலையே?"

எம்.பி.ஏ. வகுப்பில் சரக்குச் சங்கிலி மேலாண்மை எடுக்கிறேன். விளையாட்டு ஏதாவது உண்டா?
— விரிவுரையாளர், கோயம்புத்தூர்

உண்டு, ஆனால் பெயரைக் கேட்டால் முதல்வர் கையெழுத்துப் போட மாட்டார். பீர் கேம். 1960-களில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கியது. எங்கள் வணிகவியல் துறைக்காரர்கள் பீரைக் கடலை மிட்டாய் ஆக்கினார்கள். கோவில்பட்டி பக்கத்தில் இருப்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு பேர் ஒரே வரிசையில். பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். அனுப்பின சரக்கு வந்து சேர இரண்டு வாரம். தேங்கின பெட்டி ஒவ்வொன்றுக்கும் வாரம் அரை ரூபாய் செலவு, கேட்டும் கொடுக்க முடியாத பெட்டிக்கு ஒரு ரூபாய். வாடிக்கையாளர் கேட்பது கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டில் இருக்கும், கடைக்காரர் மட்டும் வாரம் ஒன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பத்தாவது வாரம் மொத்த வியாபாரி தலையில் கை வைப்பார். பதினைந்தாவது வாரம் தொழிற்சாலைக்கு 40 பெட்டி, 60 பெட்டி என்று ஆர்டர் வந்து விழும், ஐந்து வாரம் கழித்து ஒன்றுமே வராது. முடிந்ததும் "வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார், வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லோரும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். அப்புறம் சீட்டைத் திருப்புங்கள். முதல் நாலு வாரம் 4 பெட்டி, ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசி வரை 8 பெட்டி. மாறியது ஒரே ஒரு தடவை. மலையையும் பள்ளத்தையும் வெட்டினது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களேதான்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆடுவதற்கு ஒன்றேகால், பேசுவதற்கு முக்கால். பேசாமல் மணி அடித்துவிட்டால் ஆடினது வீண்.

என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஹேக்கத்தான், அந்தச் சேலஞ்ச், இந்தச் சேலஞ்ச் என்று ராத்தூக்கம் இல்லை. ஃபைல் நிறைய சான்றிதழ். போன செமஸ்டரில் இரண்டு அரியர். கண்டிக்கலாமா?
— ஒரு தாய், திருப்பூர்

கண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா. அந்த ஃபைலில் ஏதாவது ஒன்றைக் காட்டி, "இதில் என்ன செய்தே, எங்கே மாட்டிக்கிட்டே?" என்று கேளுங்கள். கண் விரிய அரைமணி நேரம் பேசினால் கவலை வேண்டாம், அரியரை அடுத்த தடவை எழுதிவிடுவாள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போன்ற போட்டியில் ஆறு பேர் அணியில் 36 மணி நேரம் முட்டி மோதினவளுக்கு, நிஜப் பிரச்சினை எப்படிக் கோணல்மாணலாக வரும் என்று தெரிந்திருக்கும். "அதெல்லாம் கலந்துக்கிட்டாலே தருவாங்கம்மா" என்றால் அது வேட்டை, படிப்பு இல்லை.

1973-இல் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேனா கிடைத்தால் தானாகவே படம் வரையும் பிள்ளைகள். சிலரிடம் மட்டும், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டின சான்றிதழ் என்று முன்கூட்டியே ஆசை காட்டினார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். உங்கள் மகளுக்கு இருபது வயது, அவளாகவே கண்டுபிடித்துக்கொள்வாள். கேள்வியை மட்டும் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

இந்த விளையாட்டுக்கெல்லாம் இன்டர்னலில் மார்க் உண்டா?
— மாணவர், நாகர்கோவில்

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்!

ஜெயித்ததற்கு நான் மார்க் போட்டதில்லை. போட்டால் மறுபடி 14 நோட்டில் −3.2 வரும். 25-இல் 5 மார்க்கைத் தனியாக வைத்திருந்தேன். ஆட்டத்தில் எங்கே தோற்றாய், ஏன், அடுத்த தடவை எதை மாற்றுவாய் என்று அரைப் பக்கம் எழுதினால் அந்த 5. ஜெயித்தவர்கள் என்ன எழுதுவது என்று முழிப்பார்கள். புளியங்கொட்டை ஆட்டத்தில் ஐந்து தடவையும் தோற்ற ஒரு பையன் அரைப் பக்கம்கூட எழுதவில்லை. "12 பெரிய எண், அதனால் அதிகம் விழும் என்று நினைத்தேன். பெரிய எண்ணுக்கும் நிறைய வழிக்கும் சம்பந்தம் இல்லை" என்று இரண்டே வரி. 5-க்கு 5 போட்டேன்.