கதெப்சின் கே டாக்கிங்: நைட்ரைல் ஏன் சிஸ்டீனை நெருங்கவில்லை?

வணக்கம். எலும்புத் தேய்மானத்துக்காக நீங்கள் வடிவமைத்த நைட்ரைல் (கார்பன்-நைட்ரஜன் முப்பிணைப்பு உள்ள) மூலக்கூறு, டாக்கிங்கில், அதாவது அது நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும்போது, எலும்பின் கொலாஜனை நறுக்கும் நொதியான கதெப்சின் கே-யின் படிகக் கட்டமைப்பில் வினை நடக்கும் இடத்திலுள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் 25-ஐ விட்டு விலகியே நிற்கிறது, பொருத்தத்துக்கான மதிப்பெண்ணும் மோசம் என்று எழுதியிருந்தீர்கள். மூலக்கூறைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குறை பெரும்பாலும் முறையில்தான் இருக்கும்.

நைட்ரைல் இந்த நொதியோடு மீளக்கூடிய சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்வதால் உண்டாகும், மறுபடி பிரியவும் கூடிய பிணைப்பு) உண்டாக்கித்தான் அதைத் தடுக்கிறது. சாதாரண டாக்கிங் நிரலுக்கு அந்தப் பிணைப்பே தெரியாது. சிஸ்டீனின் கந்தகமும் நைட்ரைலின் கார்பனும் முட்டாதபடி தள்ளி வைத்துவிடும். சகப்பிணைப்பு டாக்கிங் முறையில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன், சிஸ்டீன் 25 எதிர்மின்னூட்டத்தோடும் அதன் இணையான ஹிஸ்டிடின் 162 புரோட்டான் ஏற்றும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அப்புறம் எஸ்2 பள்ளம், அதாவது மூலக்கூறின் ஒரு பக்கக் கிளை நொதியில் போய் அமரும் குழி. அங்கே லியூசின் நன்றாகப் பொருந்தும். மற்ற கதெப்சின்கள் விரும்பாத புரோலினையும் இது ஏற்கும். கொலாஜனை நறுக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். கே-யை மட்டும்தான் பிடிக்கிறதா என்று பார்க்க, கதெப்சின் பி, எல், எஸ் மூன்றின் கட்டமைப்புகளிலும் அதே மூலக்கூறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

உங்கள் மூலக்கூறில் காரத்தன்மையுள்ள அமீன் (நைட்ரஜன் தொகுதி) இருந்தால் மிகவும் கவனம். செல்லின் அமிலத்தன்மையுள்ள செரிமானப் பையான லைசோசோமில் தேங்கி மற்ற கதெப்சின்களையும் தடுத்துவிடும். அப்படிக் காரத்தன்மையுள்ள கதெப்சின் கே தடுப்பு மருந்தான பாலிகாடிப் சோதனைகளில் தோல் பாதிப்புகள் தெரிந்தன. அதே வகையில் காரமற்ற மருந்தான ஒடனகாடிப் எலும்பு முறிவைக் குறைத்தது, ஆனாலும் பக்கவாத அபாயத்தால் 2016-இல் கைவிடப்பட்டது.

எலியில் சோதிக்கப் போகிறீர்கள் என்றால், எலி நொதியின் பள்ளத்தில் சில அமினோ அமிலங்கள் வேறு. மனித நொதிக்கு வடித்தது அங்கே பலவீனமாகத்தான் தெரியும்.