ரயிலுக்காகப் பேசின வாத்தியார்

கேள்வி: ரயிலுக்காகவே அரசியல் பண்ண ஜெர்மன்காரர் யாராவது இருக்காங்களா?

பதில்: ஓ, மிஷாயேல் கிராமர் இருக்காரே! பெர்லின்ல மியூசிக், ஸ்போர்ட்ஸ் சொல்லிக்கொடுத்த ஸ்கூல் வாத்தியார், பசுமைக் கட்சி, 1989ல பெர்லின் சட்டசபைக்குப் போயி அப்புறம் 2004லேர்ந்து 2019 வரை ஐரோப்பிய பார்லிமென்ட்ல இருந்தாரு, நடுவுல போக்குவரத்துக் கமிட்டிக்கே தலைவர். 1979லேர்ந்து சொந்தக் கார் கிடையாது, சொன்னபடி வாழ்ற மனுஷன்.

ரெண்டாம் உலகப் போர்ல அறுந்துபோன, எல்லை தாண்டிப் போற ரயில் பாதைகளை திரும்ப இணைக்கணும்னு விடாம கேட்டாரு. ஜெர்மனியோட ஃப்ரைபுர்க்லேர்ந்து பிரான்ஸ் பக்கம் கோல்மாருக்குப் போற லைனைப் பாருங்க, 1945ல ரைன் ஆத்து ரயில் பாலம் போச்சு, திரும்பக் கட்டவே இல்ல. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஜெர்மன் ஊரான ப்ரைசாக்ல ரயில் நின்னுடும், மூட்டையோட இறங்கி பஸ் புடிக்கணும். எவ்வளவு பெரிய அநியாயம்!

பெர்லின் சுவர் நின்ன தடத்துல சுமார் 160 கி.மீ. சைக்கிள் பாதை வந்ததும் இவர் முயற்சியாலதான்.