ராணி இல்லாத சண்டை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகன் செஸ் கற்றுக்கொள்கிறான். கறுப்புக் காய்களுக்கு பெர்லின் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கை (ஆட்டத்தைத் தொடங்கும் முறையை) ஆடச் சொல்கிறார் பயிற்சியாளர். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் போய்விடுகின்றன. அப்புறம் என்ன ஆட்டம்? டிராவுக்காகவே ஆடுகிற ஓப்பனிங் இல்லையா இது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

2000இல் லண்டனில், உலக சாம்பியன் பட்டப் போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக் இதை எடுத்தபோது பலரும் அப்படித்தான் சலித்துக்கொண்டார்கள். காஸ்பரோவ் 1985லிருந்து சாம்பியன், ராணியோடு சேர்ந்து தாக்கினால் எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது; அவரிடமிருந்து அந்த ராணியையே பிடுங்கிவிட்டால்? நான்கு ஆட்டங்களில் இந்தச் சுவரில் முட்டினார், நான்கும் டிரா. நடுவில் இங்கிலீஷ் ஓப்பனிங்குக்கும் மாறிப் பார்த்தார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 8.5-6.5 என்று பட்டத்தை இழந்தார்.

ஆனால் ராணி போனால் சண்டை முடிந்தது என்பது தப்புக்கணக்கு. கறுப்பு ராஜா நடுவிலேயே மாட்டிக்கொள்கிறது, கேஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி யானையை அதன் பக்கத்தில் நிறுத்துவது) செய்ய முடியாது. சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய் வேறு. அதனால் ராணிப்பக்கம் (பலகையில் ராணி நின்ற பாதியில்) சிப்பாய்கள் நாலுக்கு மூன்று என்று கணக்கில் கூடுதலாக இருந்தும் கறுப்பால் அங்கே ஒரு சிப்பாயை எதிர்ச் சிப்பாய்களிடமிருந்து தப்பவைத்து, ராணியாக்க ஓடவிடுவது சுலபமில்லை. வெள்ளையால் மறுபக்கம் முடியும். ஆகவே எல்லாக் காய்களையும் வெட்டித் தள்ளி வெறும் ராஜாவும் சிப்பாயுமாக நின்றால் பெரும்பாலும் வெள்ளைதான் ஜெயிக்கும். டிரா வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுபவன் தோற்பான் (நான் தோற்றிருக்கிறேன், அதுவும் ஒரு பள்ளிக்கூடப் பையனிடம்). கறுப்பு தன் இரண்டு பிஷப்புகளையும் காப்பாற்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இதில் ரத்தமும் ஓடும். 2014, சோச்சி, உலக சாம்பியன் பட்டப் போட்டியின் பதினோராவது ஆட்டம். ஆனந்த் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார், கையில் கறுப்பு. அதே பெர்லின். 23ஆவது நகர்த்தலில் பி சிப்பாயைத் தள்ளினார் பாருங்கள், அப்போதைய சாம்பியன் கார்ல்சனுக்கு முதல்முறையாகத் தலைவலி வந்த இடம் அது. நாலு நகர்த்தல் கழித்து யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கினார், அங்கேதான் சறுக்கியது; 45ஆவது நகர்த்தலில் ஆட்டமும் போட்டியும் முடிந்தன. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயிற்சியாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதல் எட்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்யவைக்கிறாரா, ஒன்பதாவதிலிருந்து சொல்லித்தருகிறாரா? முதலாவதென்றால் பையன் இப்போதைக்கு இத்தாலியன் என்ற வேறு ஓப்பனிங் ஆடட்டும்.