மூன்று வாரமாக நின்ற லாரி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

தள்ள வேண்டாம். செல்ஃபையும் இனி அடிக்க வேண்டாம். முதலில் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் ஒற்றை லாரி வைத்து நீங்களே ஓட்டுகிறவர் போலத் தெரிகிறது. நானும் அப்படித்தான், சங்ககிரி பக்கம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது என் வண்டி புளியமரத்தடியில் 47 நாள் நின்றது. மே மாதம் ஒரு லோடு வந்தது. விடியற்காலை போய்ச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வண்டி பேட்டரிகளைக் கழற்றி மாட்டினேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. லோடு கைவிட்டுப் போய்விடுமே என்ற பதற்றத்தில் விடாமல் அடித்தேன். கருகிய வாடை வந்தது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது, லோடும் போய்விட்டது.

செல்ஃப் மோட்டாரைச் சரிசெய்து வாங்கி மாட்டிய பிறகும் பற்றவில்லை. பட்டறையில் டீசல் பம்பையே இறக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் நாற்பது வருடம் லாரி ஓட்டிய என் மாமா வந்தார். சைலன்சரைப் பார்த்துக்கொண்டே என்னை ஒருமுறை செல்ஃப் அடிக்கச் சொன்னார். துளி புகை இல்லை. "மாப்ளே, எஞ்சினுக்குச் சோறு போகல. சோறு போகாம எப்படி எந்திரிக்கும்?" என்றார்.

டீசல் ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, ஹேண்ட் பம்பை அடிக்கச் சொன்னார். முதலில் புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பிறகு கறந்த பால் மாதிரி நுரை. கட்டை விரல் மரத்துப் போகும்வரை அடித்தேன். நுரை குறைந்து, குமிழே இல்லாமல் டீசல் நூலாக வழிந்தது. வழியும்போதே ஸ்க்ரூவை இறுக்கினார். அடுத்த செல்ஃபில் பிடித்துக்கொண்டது. டீசல் லைனில் ஒரு செம்பு வாஷர் தேய்ந்திருந்தது. அந்த வழியாகக் காற்று ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கிறது.

ஆகவே சாவியைத் திருப்பினால் 'டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரியைப் பாருங்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்குங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் இரண்டையும் சார்ஜுக்கு அனுப்புங்கள். நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் ஏர் பிடித்திருக்கும், அதாவது டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான், மாமா செய்த மாதிரி ஏர் எடுக்க வேண்டும். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

நான் ஐடிஐ படித்தவன் இல்லை. மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வண்டியில் நடந்ததைத்தான் சொல்கிறேன். என்னுடையது பழைய மாடல். பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் எஞ்சின் பக்கத்து டீசல் குழாய் எதிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள். அதில் ஓடும் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், தோலைத் துளைத்துவிடும்.

தள்ளச் சொல்கிறவர்கள் ஏர் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். ஏர் டேங்கில் காற்று இல்லாவிட்டால் பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் விடாது. கட்டி இழுத்து வண்டி எப்படியோ நகர்ந்தால் நிறுத்தப் பிரேக் இருக்காது. ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காதீர்கள், டர்போவுக்கு (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஆயில் ஏறட்டும். ஏர் முள் ஏறிய பிறகு, வண்டியை எடுத்து இடத்துக்குள்ளேயே இரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊரடங்கில் தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று அறிவித்தார்கள். வண்டிதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. நான் கடன் வாங்கிய இடத்தில் அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆகஸ்ட் முடிந்து கணக்கைப் பார்த்தபோது அசலோடு சேர்ந்து நின்றது. ஓடாத லாரிக்கு வட்டி கட்டிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

உங்கள் வண்டி எந்த வருட மாடல், சுற்றும்போது புகை வருகிறதா என்று எழுதுங்கள். லோடு இறக்கிவிட்டு ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.