முதல் குறும்பட ஸ்கிரிப்ட்: வாசகர் கேள்வி பதில்

வேலை போனதை வீட்டில் மறைக்கும் லேத் தொழிலாளி பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எழுதுகிறேன். 17 சீன், 24 பக்கம் வந்துவிட்டது. முதல் சீனை இணைத்திருக்கிறேன். எதை வெட்டுவது?
- கல்லூரி மாணவி, கோவை

முதலில் ஒரு கணக்கு. பத்து நிமிடத்தில் 17 சீன் என்றால் சீனுக்கு 35 வினாடி. ஆள் யார், இடம் எது என்று பிடிபடுவதற்குள் சீன் முடிந்துவிடும். ஒவ்வொரு லொக்கேஷனிலும் லைட் வைத்து, ஆங்கிள் பார்க்கவே பாதி நாள் ஓடிவிடும். புதிய குழு ஒரு நாளில் நான்கு பக்கம் எடுத்தாலே நல்ல வேகம்.

வேலை போன நாள், முதலாளியோடு சண்டை, நண்பனிடம் கடன் கேட்பது எல்லாம் முன்கதை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், பேப்பரில் வேண்டாம். குட்டு உடையும் அந்த ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வீடு, பகலில் பேருந்து நிலையம், மாலையில் மறுபடி வீடு. ஆறேழு சீனில் அடங்கிவிடும்.

அடுத்தது, கேமராவுக்குத் தெரியாததை எழுதுவது. 'மூன்று மாதமாக வேலையில்லாமல் மனம் நொந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எதைப் படம் பிடிப்பது? இப்படி எழுதிப் பாருங்கள்:

*சீன் 4. வெளி. பேருந்து நிலையம். மாலை.*
*பெஞ்சில் இருக்கும் முருகேசன் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்தரை. பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து, இரண்டு சொட்டு விரலில் தொட்டு, பழகிய கையாய்ச் சட்டையில் தேய்க்கிறார்.*

வேலை இல்லை, வீட்டுக்குத் தெரியாது, வெகுநாளாய் இப்படித்தான். ஒரு வசனம்கூட இல்லாமல் மூன்றும் வந்துவிட்டன.

வசனத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். மனைவி 'மூணு மாசமா ஏமாத்திட்டீங்களே' என்று கொட்டித் தீர்த்தால் சீன் அங்கேயே செத்துவிடும். அவர் வீட்டில் துணி தைப்பவராக இருக்கட்டும். துவைக்க எடுத்த சட்டையை முகர்ந்துவிட்டு, 'ஏனுங்க, தையல் மிஷின் எண்ணெயக் கண்டீங்களா?' என்று கேட்டால் போதும். ஆனால் அந்தப் புட்டி முதல் சீனிலேயே மிஷின் பக்கத்தில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டுத்தான் பலரும் எடிட்டிங்கில் தவிக்கிறார்கள்.

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம், படத்தில் ஒரு நிமிடம் என்கிறார்களே, தமிழுக்கும் அது பொருந்துமா?
- மாணவர், மதுரை

அது ஆங்கிலத்தில், கூரியர் என்ற ஃபான்டில் 12 அளவில் அடித்த பக்கத்துக்கான கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஃபான்ட் மாறினால் பக்கமும் மாறும். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று நம் ஊர் வழக்கப்படி எழுதினால் இன்னும் கூடும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், செய்கைகளை எழுந்து நடித்துப் பாருங்கள். மேலே உள்ள எண்ணெய்ப் புட்டி சீன் பேப்பரில் சில வரிதான், நடித்தால் அரை நிமிடம் பிடிக்கும்.

டீக்கடை ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஒலிப்பதாக எழுதலாமா?
- மாணவி, சென்னை

வேண்டாம். அனுமதி வாங்காமல் யூடியூபில் ஏற்றினால் உரிமையாளர் தரப்பிலிருந்து காப்பிரைட் உரிமைகோரல் வரலாம். ஒலியை முடக்கலாம், படத்தையே தடுக்கலாம். பாட்டை நம்பி எழுதிய சீன் அப்போது ஒன்றுமில்லாமல் நிற்கும். பாய்லர் சீறல், டம்ளர் கழுவும் சத்தம், கண்டக்டர் விசில் என்று எழுதுங்கள். ஷூட்டிங் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்தச் சத்தங்களை இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.